பல் வைத்தியம் படித்தால் நம்ம பக்கம் பிழைக்கலாமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அக்கா,

மகளின் கையெழுத்தில் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. "மெடிசின் கிடைக்காட்டி டென்டல் கிடைக்கும்னு சொல்றாங்க, அது பல்லு புடுங்குற வேல தானே, அத வச்சி நம்ம பக்கம் பொழைக்க ஏலுமா" என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் தன் பங்குக்கு ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் தோட்டப் பக்கத்திலேயே பிழைக்கலாம். நன்றாகவே பிழைக்கலாம். ஆனால் பிடுங்கிப் பிடுங்கிப் பிழைக்க முடியாது. ஒரு ஆளுக்கு முப்பத்திரண்டு பல்தான். வலி வந்தால் மட்டும் வந்து, பிடுங்கிவிட்டு, அடுத்த பல் நோகும்வரை அந்தப் பக்கமே தலைகாட்டாத ஆட்களை நம்பி டிஸ்பென்சரி போட்டவர் வாடகை கட்டவே திண்டாடுவார். நோவு இல்லாதபோதும் ஆட்கள் தேடி வருகிற இடம்தான் நிலைக்கும். ஊராருடைய வாய் சுகமாக இருப்பதும், வைத்தியரின் தொழில் நன்றாக நடப்பதும் இந்த வேலையில் ஒரே பாதையில்தான் போகின்றன. இதைப் பல வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளை, எனக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியரிடம் அரைநாள் உட்காரவைப்பது என் வழக்கம். அங்கே ஒரு சனிக்கிழமை, உங்கள் வயது இருக்கும், ஒரு அக்கா வந்தார். காலையில் கொழுந்து எடுத்துவிட்டு, மடுவத்தில் நிறுத்துப் போட்ட கையோடு பஸ் ஏறியிருந்தார். கன்னத்தில் கையை வைத்தபடி, "புடுங்கிருங்க டொக்டர், ராவெல்லாம் தூக்கமில்ல" என்றார். டொக்டர் ஒரு கைக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். தன்னுடைய சின்ன வாய்க்கண்ணாடியை உள்ளே வைத்து, வெளிச்சத்தைத் திருப்பி, "பாருங்க, ஓட்ட இங்க இருக்கு. பல்லு ஆடல. வேர சுத்தப்படுத்தி அடச்சா இன்னும் பல வருசம் கடிச்சுச் சாப்பிடலாம்" என்று தமிழில் சொன்னார். அந்த அக்கா தன் கடைவாய்ப் பல்லைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் கேட்டது விலையை இல்லை. "எத்தன நாள் வரணும்?"

மூன்று நாள் என்றால் மூன்று பேர், அதாவது தோட்டத்தில் மூன்று நாள் சம்பளம், போகும். அது அந்த டொக்டருக்கும் தெரியும். அதனால் ஞாயிறு ஒன்று, பௌர்ணமி விடுமுறையான போயா தினம் ஒன்று, இன்னொரு ஞாயிறு என்று குறித்தார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே நேரம் கொடுத்தார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லி, மூன்று தடவையாகக் கட்டலாம் என்றார். துண்டில் எல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்த அக்கா மூன்று தடவையும் வந்தாராம். நாலாவது தடவை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாராம்.

இதை எந்தப் பல்கலைக்கழகமும் தனிப்பாடமாக நடத்துவதில்லை. சம்பளம் போடும் வாரம், பஸ் நேரம், பேர், அரைப்பேர் எல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லித் தராமலே தெரியும். வெளியிலிருந்து வருகிற ஒருவர் இதைப் பழக வருடங்கள் ஆகும். அவளுடைய பெரிய முதல் அதுதான். கூடவே சிங்களமும் சரளமாக வரவேண்டும். நம் டவுன்களில் கதிரையில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள் இல்லையே.

எல்லாப் பல்லையும் காப்பாற்றித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. மூன்று தடவை வரவே முடியாத ஒருவருக்குப் பாதி வேலை செய்து அனுப்பினால் சீழ் கட்டித் திரும்பி வருவார். அப்படியானவருக்குப் பிடுங்குவதுதான் நேர்மையான வைத்தியம். அந்த முடிவை நோயாளியோடு உட்கார்ந்து பேசி எடுக்கத் தெரிந்தவரைத்தான் ஊர் நம்பும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை எழுதுவது எனக்கு லேசு இல்லை. என் அம்மாவும் மலையில் கொழுந்து எடுத்தவர்தான். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான் துணை. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை வந்தது, பிறகு அது புண்ணானது. காட்டிய இடத்தில் விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சிங்களத்தில் விளக்கத் தெரியவில்லை, அங்கே தமிழில் கேட்க ஆளும் இல்லை. பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது நாள் பிந்திவிட்டது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் பகுதியில் வருவதுதான். வெற்றிலை போடும் நம் பெண்களுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. புகையிலை சேர்க்கவில்லை, வெறும் பாக்குத்தான் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பல் நோவு என்று வருகிற ஒவ்வொருவரின் கன்னத்தையும் நாக்கின் அடியையும் ஒரு நிமிடம் புரட்டிப் பார்க்கிற வைத்தியர் நம் டவுன்களில் இருந்தால் எத்தனை தாய்மார் தப்புவார்கள். பல்லைப் பிடுங்கும் வேலை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் வாயும் அப்படித்தான். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், இதுவும் பால்பல், விழுந்து முளைக்கும் என்று நாம் விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற பிள்ளைக்கு விழுந்து முளைக்காத பற்களில் முதலில் சொத்தையாவதும் அநேகமாக அந்தப் பல்தான். நம் மலைப் பக்கத்துத் தண்ணீரில் புளோரைடும் குறைவு. அதனால் புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்கவேண்டும், மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு, அதற்கு மேலே ஒரு பட்டாணி அளவு போதும் என்று தாய்மாருக்குச் சொல்லித் தருவதும் ஒரு பல் வைத்தியரின் அன்றாட வேலைதான். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் அரை மணித்தியாலம் பேசிவிட்டு வருகிற டொக்டருக்கு விளம்பரப் பலகையே தேவைப்படாது.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

பல் வைத்தியப் பட்டம் என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பேராதனைதான். நீண்ட காலம் அது ஒன்றுதான் இருந்தது. உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் நல்ல பெறுபேறு வேண்டும். மற்றவர்களின் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் இசட் புள்ளிதான் முடிவு செய்யும். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. ரியூசன் நல்லது என்று யாரோ சொன்னதற்காக இப்போது அவளைக் கொழும்புப் பாடசாலைக்கு மாற்றிவிடாதீர்கள். எந்த மாவட்டக் கணக்கில் சேர்வாள் என்பது படித்த பாடசாலையைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலேயே வருகிறது. அதை வாங்கி, அந்தப் பகுதியை மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி சற்று உயரமாக இருப்பதால் மட்டும் பல் வைத்தியம் இரண்டாந்தரம் ஆகிவிடாது. பட்டம் பெற்றவரும் இலங்கை மருத்துவக் கவுன்சிலில்தான் பதிகிறார். அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்பதுதான் நம் பிள்ளைகளை முதல் வருடம் அழவைக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் அந்த அழுகை பாதியாகும்.

நகையை அடகு வைத்து வெளிநாட்டில் படிக்கவைக்கலாம் என்று முகவர் யாராவது வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தை நம் மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலிடமே கேளுங்கள். படித்து வந்த பிறகும் கவுன்சிலின் பரீட்சையில் தேறினால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம்.

பட்டம் வந்த மறுநாளே சொந்த டிஸ்பென்சரி என்பது நடக்காது. முதலில் அரசாங்க நியமனத்தில் கை பழகட்டும். அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்குப் பின் தனியாகப் பார்க்க அனுமதி உண்டு, பலரும் அப்படித்தான் மெல்ல மெல்லத் தொடங்குகிறார்கள். தனியார் இடம் என்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். கதிரை, கம்பிரசர், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம், எக்ஸ்ரே என்று முதல் நிறையப் போகும். இதில் கிருமி நீக்கத்தில் மட்டும் ஒரு சதம்கூட மிச்சம் பிடிக்கக்கூடாது.

புள்ளி போதாமல் போனால் வேறு வாசலும் உண்டு. மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களுக்குச் சுகாதார அமைச்சு பயிற்சி கொடுக்கிறது. பாடசாலைகளில் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். நம் தோட்டப் பாடசாலைகளுக்கு மிகவும் தேவையான ஆட்கள்.

இப்போதைக்கு மகள் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு பல் வைத்தியரிடம் அரைநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். குனிந்து குனிந்து செய்யும் நுண்ணிய வேலை, கழுத்தும் இடுப்பும் நோகும். உங்கள் விரல்களின் வேகம் அவளுக்கும் இருந்தால் கை பழகுவது லேசு. பிடிக்காவிட்டால் அவள் தயங்காமல் சொல்லட்டும், வேறு துறை பேசலாம். ஞாயிறு காலையில் அனுப்பிவையுங்கள், நானே கூட்டிப்போகிறேன்.

கடிதத்தின் ஓரத்தில், உங்களுக்குத் தெரியாமல் என்று நினைக்கிறேன், அவள் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாள்: "அம்மாவுக்கு கொஞ்ச நாளா சம்பல் சாப்பிட ஏலாது, வாய் எரியுதாம்." அக்கா, வாய் நன்றாகத் திறக்கிறதா என்று அறிய, இன்றைக்கே கண்ணாடி முன் நின்று மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழைகிறதோ இல்லையோ, எரிச்சல் இருப்பதால் இந்த வாரத்துக்குள் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். காசு கேட்கமாட்டார்கள். ஒரு பேர் போனால் போகட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கன்னத்தின் உட்பக்கத்தையும் பார்க்கச் சொல்லி அவள் டொக்டரிடம் கேட்கட்டும்.