பொடியன் சொல்வது பாதி சரி

கேள்வி: கீழ்மாடியில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்து அனுப்புவது என் வழக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகன், “இது அன்புமில்லை, தர்மமுமில்லை, எல்லாம் மரபணுவின் சுயநலம் அம்மா” என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான், எனக்குத்தான் மனம் விட்டுப்போயிற்று. நான் செய்வதெல்லாம் நடிப்பா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நடிப்பில்லை அக்கா. பொடியன் ரியூசனில் கேட்டதில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அந்தப் பாதி சரி. சொந்தக்காரருக்கு உதவும் குணம் தலைமுறை தாண்டி ஏன் நிலைக்கிறது என்று 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்காகவே எழுதிக் காட்டினார். ஆச்சி உங்களுக்குச் சொந்தமில்லையே என்றால், அதற்கு 1971இல் ட்ரிவர்ஸ் என்ற இன்னொரு உயிரியலாளர் ஒரு பதில் வைத்தார்: இன்றைக்கு நான், நாளைக்கு நீ. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும், அதனால் வயிறு நிறைந்தது பசித்ததற்குக் கக்கி ஊட்டுகிறது, அதுவும் பழகிய வௌவாலுக்கு என்று அவற்றை ஆராய்ந்த வில்கின்சன் 1984இல் எழுதினார். 2022இல் காஸ் வரிசையில் சிலிண்டரைப் பக்கத்தில் நின்றவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வந்த நமக்கு இது புதுக்கதையா என்ன?

அவன் குழம்பியது இதற்கு அப்புறம். ஒரு குணம் எப்படி வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் பரிணாமத்தில் இருக்கலாம், ஆனால் இன்றைக்கு நீங்கள் எதற்காகச் சோறு அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் பதில் ஆச்சியின் பசிதான். இனிப்பைத் தேடிப்போன மூதாதையர் பிழைத்ததால் நம் நாக்குக்கு இனிப்புப் பிடித்துப்போயிற்று, சரி, அதற்காகப் பிளேன்டீயோடு பனங்கட்டி கடிக்கிறபோது யாராவது கலோரி எண்ணுகிறோமா? மரபணுவுக்கு மனமே இல்லை, பிறகு சுயநலம் எங்கிருந்து வரும். உளவியலாளர்கள் வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடுகிறவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிக்க, பதினெட்டு மாதப் பிள்ளைகள் பல தாமாகவே எடுத்துக் கொடுத்தன, பரிசோ பாராட்டோ எதுவும் கிடைக்காமலே.

நம்மாள், வெளியாள் என்று பிரிக்கும் புத்தியும் இதே வழியில்தான் வந்திருக்க வேண்டும், இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை நான் விளக்கத் தேவையில்லை. ஆக, ‘இயற்கையாக வந்தது’ என்பதை வைத்து எது நல்லது என்று அவன் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு வேறு யோசனை வேண்டும், அது உயிரியல் பாடத்திட்டத்தில் இல்லை.

நாளைக்குச் சாப்பாட்டை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். வௌவால் கதையை ஆச்சிக்குச் சொல்ல ஆசைப்பட்டால் சொல்லட்டும், ஆனால் அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு.