வெள்ளம் கேட்ட வாய்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் தக்கலை. கல்லூரியில் அரபி படிக்கிறேன். எட்டு வாரக் கோடைக்கால அரபி வகுப்புக்காக ஜோர்டானுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. "அம்மான் வீட்டுக்குப் போறதா நெனச்சுக்கோ மக்களே" என்று சொல்லித்தான் உம்மா என்னை அம்மான் நகரத்துக்கு அனுப்பிவைத்தார். இங்கே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து ஓதியவள் நான். இலக்கணத்திலும் நல்ல மதிப்பெண். ஆனால் முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் "உரீது மாஅன்" என்று தண்ணீர் கேட்டதும் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்கள் தண்ணீரை 'மய்' என்கிறார்கள். காபியைக் குறிக்கும் 'கஹ்வா' இங்கே 'அஹ்வே'. முதலில் வரும் காஃப் எழுத்தையே விழுங்கிவிடுகிறார்கள். வீட்டம்மா பேசுவது முழுக்கக் கொச்சை. இவர்களோடு இருந்தால் என் அரபி கெட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது. விடுதிக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாமா? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு ரொம்ப வற்புறுத்துகிறார்கள், குளிக்க மட்டும் தண்ணீரைக் குறைத்துச் செலவழிக்கச் சொல்கிறார்கள். அதுவும் கஷ்டமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

அம்மா இறந்து வரும் ஆவணியோடு ஒரு வருஷம். அவள் புழங்கிய சொற்களை ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் எழுதிய சொல் 'வெள்ளம்'. மதியம் உன் கடிதம் வந்தது.

அகராதிக்கு ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்தது போதும். சொற்கள் வேர் வரிசையில் இருக்கும், பழக ஒரு வாரம் ஆகும். சாப்பாட்டு விஷயத்தை விடு. உன் உம்மா விருந்தாளியிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரா?

தண்ணீரைப் பற்றி மட்டும் தெரிந்துகொள். அம்மான் நகர வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருவது பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள்தான். அதை மொட்டைமாடித் தொட்டியில் பிடித்துவைத்து, துவைப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாவற்றையும் அடுத்த முறை வரும்வரை ஓட்ட வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து உனக்கும் ஒரு பங்கு தருகிறார் அந்த அம்மா. அவர் பேச்சைத்தான் நீ கொச்சை என்று எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு விளவங்கோடு பக்கம். பதினெட்டு வயதில் படிக்க மதுரைக்குப் போனேன். விடுதியில் முதல்நாள் சாப்பாட்டு மேஜையில் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கு அதுதான் சொல். மேஜை முழுக்கச் சிரித்தது. "வைகையிலயே வெள்ளம் வரல, இவனுக்கு மட்டும் எங்கேருந்துடா கொண்டுவர்றது" என்றான் ஒருவன். அன்றிலிருந்து எனக்கு 'மலையாளத்தான்' என்று பெயர். அந்த வருஷம் பாதி நாள் நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டேன். மரச்சீனியை மரவள்ளிக்கிழங்கு என்றேன். நல்லமிளகு வெறும் மிளகாயிற்று. சக்கை பலாப்பழமாயிற்று. ஞாபகத்துக்கு நாங்கள் சொல்லும் 'ஓர்மை' என்ற அழகான சொல்லை அதற்குப் பிறகு நான் சொல்லவே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அடுக்களையில் நின்ற அம்மாவிடம் "கொஞ்சம் தண்ணீர் குடுங்க" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் சொல்லைத் தேடித் தேடிப் பேச ஆரம்பித்தாள். தன் சொந்த அடுக்களையில், பெற்ற மகனிடம். தங்கையோடு சளசளவென்று பேசிக்கொண்டிருப்பாள், நான் உள்ளே நுழைந்ததும் குரல் மாறிவிடும். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில், பாதி மயக்கத்தில், "மக்களே, இத்திரி வெள்ளம்" என்றாள். அத்தனை வருஷம் எனக்காக அடக்கிவைத்திருந்த சொல் அது.

மதுரையில் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை மறந்துவிட்டேன். நான் அம்மாவிடம் 'தண்ணீர்' கேட்டதை மறக்க முடியவில்லை. நீ விடுதிக்குப் போகிறேன் என்று சொன்னால் அந்த அம்மா காரணம் கேட்பார். என்ன சொல்வாய்?

1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதை உன் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் குமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிக் குண்டடிபட்டவர்கள் அவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்த மனிதர்கள் வீட்டில் வெள்ளம்தான் குடித்தார்கள், சக்கைதான் தின்றார்கள். அந்தத் தமிழைக் கொச்சை என்று சொல்ல மதுரையில் இருந்தவனுக்கும் உரிமை இல்லை, சென்னையில் இருப்பவனுக்கும் இல்லை. அம்மானில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில் பேசும் அரபியைக் கொச்சை என்று சொல்ல உனக்கும் இல்லை.

நீ படித்த ஃபுஸ்ஹா, அந்த ஏட்டு அரபி, உயர்ந்த மொழிதான். ஓதுவதற்கும் எழுதுவதற்கும் செய்தி வாசிப்பதற்கும் அதுதான். ஆனால் இன்று அது யாருக்கும் தாய்மொழி இல்லை. எந்த அரபுத் தாயும் அதில் பிள்ளையைத் தாலாட்டுவதில்லை. சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரபியோடு கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டார். தமிழர்களுக்கு அவர் விளக்கியிருக்கவே வேண்டாம். தக்கலைச் சந்தையில் மீன் வாங்கும்போது நீ 'இது என்ன விலை விற்கப்படுகிறது' என்றா கேட்கிறாய்?

காஃபை விழுங்குகிறார்கள் என்கிறாய். அது சோம்பல் இல்லை, அந்த நகரத்துப் பேச்சின் ஒலி. அதே ஜோர்டானில் பதுக்கள் என்ற பாலைவன மக்கள் 'கஹ்வா'வின் முதலெழுத்தை 'கங்கை'யில் வரும் இரண்டாவது 'க' போல அழுத்திச் சொல்வார்கள். அதுவும் அரபிதான்.

விமான நிலையத்தில் இறங்கியதும் 'அல்வுஸூல்' என்ற பலகையைப் பார்த்திருப்பாய். வந்துசேர்தல் என்று பொருள். நம் 'வசூல்' அந்தச் சொல்தான், கைக்கு வந்துசேரும் பணம். பாக்கி, அசல், வக்கீல் எல்லாம் அரபியிலிருந்து வந்தவையே. தக்கலைக் கடைக்காரர் "வசூல் ஆச்சா?" என்று கேட்டால் அரபியைக் கெடுத்துவிட்டார் என்பாயா?

இன்னொன்று. அங்கே வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போனால் "யஅத்தீக்கல் ஆஃபியே" என்பார்கள். இறைவன் உனக்கு நலத்தைத் தரட்டும் என்று பொருள். டாக்சி ஓட்டுபவரிடமும் சொல்வார்கள், தெருப் பெருக்குபவரிடமும் சொல்வார்கள். உன் உம்மா துஆவில், பிரார்த்தனையில், கேட்கும் அதே ஆஃபியத். உன் இலக்கணப் புத்தகத்தில் இந்த வணக்கம் இருந்திருக்காது. நீ கொச்சை என்று சொல்லும் பேச்சில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் அந்த அம்மா அடுக்களையில் நிற்கும்போது போய்ச் சொல், பெண்ணிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்.

விடுதிக்கு மாறாதே. காலையில் வகுப்பில் ஃபுஸ்ஹா படி, மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அந்தப் பிள்ளைகளைவிட நல்ல வாத்தியார் உனக்கு அங்கே கிடைக்கப்போவதில்லை.

அடுத்து தண்ணீர் வரும் நாளில் அந்த அம்மாவோடு மொட்டைமாடிக்கு ஏறிப் போ. தொட்டி, குழாய், வாளி, நிரம்பி வழிவது, சொட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. எதிரே உன் உம்மா சொல்லும் சொல்லையும் எழுது. நகல் ஒன்று எனக்கு அனுப்பு. அம்மாவின் நோட்டில் 'வெள்ளம்' எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது, அங்கே ஒட்டிவைக்கிறேன்.