மாவட்டக் கோட்டாவும் பழைய தரப்படுத்தலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

உயர்தர வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகம் போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, வெளியாகும் நாட்களில் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். உயர்தர வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப இன்றும் பிள்ளைகள் வீடு தேடி வருவார்கள். இடஒதுக்கீடு பற்றியும், எழுபதுகளில் மொழிக்கு மொழி வேறு வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல் பற்றியும் பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் நிலைப்பாட்டை மறைக்கப் போவதில்லை.

நல்லூரில் இருந்து ஒரு தாய்: என் மகனுக்கு மருத்துவபீடம் மயிரிழையில் தவறிவிட்டது. அவனை விடக் குறைந்த இசட் புள்ளி எடுத்த முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. இது என்ன நியாயம் சேர்?

அக்கா, உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் கோபப்பட முதல் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக.

ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடம் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டங்களுக்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 84 ஆயிரம் பேர், நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அதாவது 3 வீதம்கூட இல்லை. அந்த 550 இல் எங்களுக்கு 16 இடமளவில்தான் வரும். 1981 இல் கிளிநொச்சியைச் சேர்க்காமலே இங்கே 7 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், நாட்டின் சனத்தொகையில் கிட்டத்தட்ட 5 வீதம். அந்த விகிதம் இன்றும் இருந்திருந்தால் 27 இடம். குறைந்த 11 இடத்தையும் முல்லைத்தீவுப் பிள்ளை எடுக்கவில்லை. யுத்தம் எடுத்தது. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன ஒவ்வொரு குடும்பத்தோடும் எங்கள் பங்கு சுருங்கியது. பாராளுமன்ற ஆசனத்திலும் இதே கதைதான். 2010 இல் யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம், 2024 இல் 6.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டப் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. மாத்தறை, கொழும்புப் பிள்ளைகளை விடக் குறைந்த புள்ளியோடு எங்கள் பிள்ளைகள் மருத்துவபீடம் போன வருடங்கள் உண்டு. நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வியை மாத்தறையில் ஒரு தாய் எங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பா.

உயர்தர மாணவன், சாவகச்சேரி: இசட் புள்ளியும் அந்தக்காலத் தரப்படுத்தலும் ஒன்றுதானே? அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

இல்லை தம்பி. இசட் புள்ளி 2001 இல் வந்தது. நீ எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து சராசரி எடுப்பார்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, விலகல் 20 என்றால் 70 எடுத்தவனுக்கு 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10 என்றால் அதே 70 க்கு 1.0 தான். கடினமான பாடம் எடுத்தவன் நட்டப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. இதில் நீ எந்த மொழியில் எழுதினாய், எந்த ஊர் என்பதற்கு இடமே இல்லை. மாவட்டம் அதற்குப் பிறகுதான் வரும்.

கோண்டாவிலில் இருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: எழுபதுகளில் என் தம்பிக்கு எஞ்சினியரிங் கிடைக்காமல் போனது. ஒதுக்கீடு நல்லது என்று நீங்கள் சொல்வது எங்கள் காயத்தில் உப்புப் போடுவது போல இருக்கிறது.

ஐயா, அந்த அநியாயத்தை நான் ஒரு நாளும் சின்னதாக்க மாட்டேன். 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400 இல் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 வேண்டும். பொறியியலுக்கு 227 உம் 250 உம். ஒரே மண்டபத்தில் ஒரே பரீட்சை எழுதிய இரண்டு பிள்ளைகளை மொழியால் பிரித்தார்கள். 1973 இல் அதையே மொழிவாரித் தரப்படுத்தலாக்கி, ஒவ்வொரு மொழியிலும் பரீட்சைக்குத் தோற்றியவர் தொகைக்கு ஏற்ப இடம் பிரித்தார்கள். 1974 இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. விஞ்ஞானப் பாடநெறிகளில் 1970 இல் சுமார் 35 வீதமாக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1975 இல் 19 வீதத்துக்கு இறங்கியது. கிராமத்துச் சிங்களப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் அந்தக் குறையை அளக்க மொழியை அளவுகோலாக எடுத்தால், கொழும்பில் வசதியாகப் படித்த சிங்களப் பிள்ளைக்கும் சலுகை போகும், ஆய்வுகூடமே காணாத மன்னார்த் தமிழ்ப் பிள்ளைக்குத் தண்டனை விழும். அப்படித்தான் நடந்தது. 1956 தனிச் சிங்களச் சட்டத்தால் அரச வேலைக் கதவு சாத்தப்பட்ட சமூகத்துக்கு மிச்சமிருந்த வழி அந்தப் படிப்புத்தான். இளைஞர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. தமிழ் மாணவர் பேரவை 1970 இல் உருவானது இந்தச் சூழலில்தான்.

மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் ஒரே காலத்தில் வந்ததால் எங்கள் மனதில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்துப் பாருங்கள் ஐயா. முதலாவது இனத்தைக் குறிவைத்தது. இரண்டாவது யாழ்ப்பாணத்தோடு கொழும்பையும் அடித்தது, மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் கொஞ்சம் கதவு திறந்தது. முதலாவது போக வேண்டியது, போய்விட்டது. இரண்டாவதைத் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கிளிநொச்சி மாணவி: எங்கள் வகுப்பில் பரீட்சைக்குப் பதியும்போது மட்டும் புது முகங்கள் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் ரியூசன் எடுத்துக்கொண்டு இங்கே பெயரை மட்டும் வைத்திருக்கிறார்கள். எங்கள் இடத்தைத்தானே எடுக்கிறார்கள்?

ஓம் தங்கச்சி, உங்கள் இடத்தைத்தான் எடுக்கிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பார்த்துத்தான் மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. வரவு இடாப்பில் பெயர் இருந்து, வகுப்பில் பிள்ளை இல்லை என்றால், அந்த இடாப்பில் கையெழுத்திட்டவர் உங்களுக்குத் துரோகம் செய்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெறுபேறு பாடசாலைக்குப் பெயர் தரும் என்று கண்ணை மூடுகிறார்கள். நுவரெலியாவில் மலையகப் பிள்ளைகளுக்கும் இதே முறைப்பாடு உண்டு. தோட்டத்து லயத்தில் இருந்து உயர்தரம் வரை வந்து சேர்ந்த பிள்ளையின் இடத்தை வெளியூர்க்காரர் பறிப்பது போல ஒரு கொடுமை இல்லை. எங்களுக்கு 1971 இல் நடந்ததைச் சொல்லி அழுதுகொண்டு, பக்கத்து மாவட்டப் பிள்ளைக்கு நாங்களே இதைச் செய்யலாமா?

ரொறன்ரோவில் இருந்து: அமெரிக்காவில் இதை நிறுத்திவிட்டார்களே, நாங்களும் நிறுத்தலாம்தானே?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 இல் ஹாவார்ட், வட கரோலைனா வழக்குகளில் நிறுத்தியது பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை. பிறந்து வளர்ந்த ஊரையோ குடும்ப வருமானத்தையோ பார்க்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. எங்கள் முறை இனத்தைப் பார்ப்பதில்லை, ஆகவே அந்தத் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. நீங்கள் இருக்கும் கனடாவில் 1986 முதல் வேலைச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. பெண்கள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் என்ற நான்கு பிரிவுக்கும் அது உரியது. உங்களையும் சேர்த்துத்தான்.

பெயர் வேண்டாம் என்றவர், வலிகாமம்: தமிழ்நாட்டில் 69 வீத இடஒதுக்கீடு. இங்கே சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வீதம்கூட இல்லையே. அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை சாதியால் பாகுபாடு கூடாது என்கிறது. 12(4) பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் சாதி இல்லை. குடிசன மதிப்பீடு சாதியைக் கணக்கெடுப்பதும் இல்லை, ஆகவே எத்தனை பேர் பின்தங்கினார்கள் என்று காட்டவும் வழியில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாதா? 1930 அளவில் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு சாதிப் பிள்ளை வாங்கில், இன்னொரு சாதிப் பிள்ளை நிலத்தில். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரை மாவிட்டபுரம் கோவில் வாசலில் மறித்தார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி முகாம்களில் கடைசி வரை இருந்தவர்களில் காணியில்லாத ஒடுக்கப்பட்ட குடும்பங்களே அதிகம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் முகாம் வீட்டில் இருந்து எழுதிய பிள்ளையும், மூன்று ரியூசன் வகுப்புக்குக் காரில் போய்வந்த பிள்ளையும் இன்று ஒரே யாழ் மாவட்டக் கோட்டாவில் போட்டி போடுகிறார்கள்.

தமிழ்நாட்டு முறையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் அவர்கள் 2020 இல் செய்த ஒன்று எங்களுக்கு ஒத்துவரும். அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீதத்தை ஒதுக்கினார்கள். பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்த்தால், சாதியைக் கேட்காமலே சாதியால் தள்ளப்பட்ட பெரும்பாலானவர்களை எட்டலாம்.

மாற்றுத்திறனாளி இளைஞர், பருத்தித்துறை: வேலைக்கு ஏதாவது ஒதுக்கீடு உண்டா?

உண்டு தம்பி. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 27/88 இலக்கச் சுற்றறிக்கை 1988 இலேயே சொல்கிறது. அதைத் தெரியாத அலுவலகங்கள் இன்னும் உண்டு. விண்ணப்பத்தில் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், நேர்முகத்துக்குப் போகும்போது பிரதியும் கையில் இருக்கட்டும். தனியார் துறையில் அப்படிக் கட்டாயம் இல்லை.

நெடுந்தீவு மாணவி: கோட்டாவில் வரும் டொக்டர் தரம் குறைந்தவர் என்று வகுப்பில் சொல்கிறார்கள். அதோடு, எங்கள் தீவுக்கு என்று ஏதாவது ஒதுக்கீடு இருக்கிறதா சேர்?

பிள்ளை, கோட்டா வாசலில் மட்டும்தான். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே சித்திப் புள்ளி. அதில் தேறாமல் யாரும் டொக்டராக முடியாது. அப்படிச் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லு.

உங்கள் தீவுக்கு என்று எதுவும் இல்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் போக வேண்டிய ஊரில் விஞ்ஞான ஆசிரியர் நிலைப்பதில்லை. உயர்தர உயிரியல் படிக்க நீ பட்டினத்தில் வாடகைக்கு அறை எடுக்க வேண்டும். ஆனால் கணக்கில் நீயும் நல்லூர்ப் பிள்ளையும் ஒன்று. எங்கள் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயம் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 வீதத்தையாவது மாவட்டத்துக்குக் கொடுக்காமல் வலயத்துக்கும், உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலை இல்லாத ஊர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவைக் கேட்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டங்களுக்கு வரும்போது நான் இதைத்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

அதுவரை உனக்குச் செய்யக்கூடியது ஒன்று. இடம் கிடைத்ததும் மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கத் தவறாதே. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், ஆகவே கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வை. படகு ஓடாத நாட்களில் கடைசித் திகதி வந்தால் பிறகு கஷ்டம்.