கிணறு, குழாய், போத்தல்: இந்த முறை வந்த கடிதங்கள்

மாரி நெருங்கும்போதுதான் குடிதண்ணீரைப் பற்றி எனக்குக் கடிதம் கூடும். இந்த முறை ஒரு கட்டாகவே வந்திருக்கிறது. பாதிப் பேர் கிணற்றின் ஆழத்தை எழுதவில்லை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று எழுதியவர்கள் இரண்டே பேர். சரி, இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நிலாவெளி வாசகர்: பதினைந்து வருடமாக நல்ல தண்ணீர் தந்த கிணறு. போன வருடம் விருந்தினருக்கு இரண்டு அறை கட்டி, பெரிய மோட்டரும் பூட்டினோம். இந்தக் கோடையில் தண்ணீர் சவராகிவிட்டது. கிணற்றை ஆழமாக்கலாமா?

ஆழமாக்கவே வேண்டாம். ஆழமாக்கினால் உப்பை நீங்களே தேடிப் போகிறீர்கள்.

உங்கள் மணலுக்கு அடியில் இருப்பது கடல்நீர். மழைநீர் பாரம் குறைந்தது, அதனால் பாலில் ஆடை கட்டியது போல அதன் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்து இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஏட்டுக் கணக்குத்தான், மணலில் இத்தனை ஒழுங்காக நடக்காது. ஆனால் போகிற திசை இதுதான்.

பெரிய மோட்டரைக் கழற்றி விற்றுவிடுங்கள். சின்ன மோட்டர் போதும், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். உறிஞ்சும் குழாயின் வாய் கிணற்றின் அடியில் கிடக்கக் கூடாது, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தோம். உப்பை இறைத்தே தள்ளிவிடலாம் என்று திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் உப்பு இன்னும் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது.

கொதிக்க வைத்தால் சவர் போகுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு சட்டியிலேயே இருக்கும்.

பாலையூற்று வாசகி: எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்? மாமி பத்து என்கிறார்.

குமிழி புரண்டு கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம். நுவரெலியாவுக்குப் போனாலும் அதே 1 நிமிடம்தான், 2000 மீற்றருக்கு மேல் ஏறினால் 3. மாமியிடம் காஸ் விலையைச் சொல்லிப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஆறிய தண்ணீருக்குள் கையோடு கோப்பையை விட்டு அள்ளாதீர்கள். மூடி போட்ட பாத்திரம், நீளக் காம்பு அகப்பை. எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

உவர்மலை வாசகர்: குழாய்த் தண்ணீரில் ஒரு நாள் குளோரின் நாற்றம், இன்னொரு நாள் சேற்று வாசம். குடிக்கலாமா?

குடிக்கலாம். திருகோணமலை நகரத்துக்குக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர். திறந்த குளம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நீர் வற்றி, வெயில் ஏறி, பாசி பெருகும். அப்போது ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள் நீரில் சேரும். முதல் மழையில் எழுகிற மண்வாசத்துக்கும் காரணம் அதுதான். மழையில் வந்தால் ரசிக்கிறோம், கோப்பையில் வந்தால் கடிதம் எழுதுகிறோம். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதி இல்லை. படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி அடியில் படியவிட்டு மணலில் வடித்தாலும் இந்த வாசம் முழுதாகப் போகாது, கரி வடிகட்டிதான் பிடிக்கும்.

குளோரின் நாற்றத்தைக் குறை சொல்லாதீர்கள். அது குழாய் வழியெல்லாம் கூடவே வருகிற காவல்காரன். உங்கள் வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அகல வாய்ப் பாத்திரத்தில் மெல்லிய துணி மூடிச் சில மணி நேரம் வையுங்கள், பறந்துவிடும். வாசமே இல்லாத நாளில்தான் நான் யோசிப்பேன். அப்புறம், கூரைத் தாங்கிக்கு மூடி இருக்கிறதா? காகம் குளிக்கிற தாங்கியை வைத்துக்கொண்டு நீர்ச் சபையைத் திட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

பெயரும் இல்லை, ஊரும் இல்லை: எந்த பில்டர் நல்லது?

காலளவு சொல்லாமல் செருப்புக் கேட்கிறீர்கள். கலங்கலுக்கு மணலும் துணியும். வாசத்துக்குக் கரி. கிருமிக்குக் கொதிப்பு, குளோரின், களிமண் வடிகட்டி, யூ.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு இவற்றில் ஒன்று. யூ.வி.க்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும். உப்பு, புளோரைட், நைத்திரேற்று என்றால் மட்டும் தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் என்ன கோளாறு என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

லிங்கநகர் வாசகி: எங்களுக்குக் குழாய் நீர்தான். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒரு மீட்டரை வைத்து டீ.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) கூட என்றார். பிறகு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் மண்ணிறமாக நுரைத்தது, அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே நின்றது. பிள்ளைகள் பயந்து அழுதுவிட்டார்கள். தவணை முறையில் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா?

வாங்காதீர்கள் தங்கச்சி. இந்தக் கூத்து இன்னும் ஓடுகிறது என்று கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கம்பிகளில் சில இரும்பு. கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நீங்கள் பார்த்த மண்ணிறம் அவருடைய கம்பியின் துரு, உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல. கரண்ட் பாய்வதற்குத் தண்ணீரில் கொஞ்சம் கனிம உப்பு வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அது அநேகமாக இல்லை, அதனால் கம்பி கரையாமல் தெளிவாக நிற்கிறது. மந்திரம் இவ்வளவுதான்.

சில வருடத்துக்கு முன் என் வீட்டுக்கும் ஒரு தம்பி இதே பெட்டியோடு வந்தார். நான் ஆய்வுகூடத்தில் காலம் தள்ளியவன் என்று அவருக்குத் தெரியாது. முழுவதையும் செய்யவிட்டேன். மனைவி வாயில் கைவைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை கறியுப்பை எடுத்துவந்து, அவருடைய தெளிந்த தண்ணீரில் போட்டு, "இப்ப ஒருக்கால் கரண்ட் குடுங்கோ தம்பி" என்றேன். அரை நிமிடத்தில் எங்கள் தண்ணீரைவிட மோசமாக மண்ணிறமானது. அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கே இது தெரிந்திருக்கவில்லை. பழக்கிக் கொடுத்தவர்கள் சொன்னதை நம்பியிருக்கிறார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார். கோபப்பட வேண்டியது அவரிடம் அல்ல.

இனி மீட்டர். அது அளப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தத்தை. அதையும் நேராக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து ஒரு எண்ணை ஊகிக்கிறது. சுண்ணாம்பு எது, நஞ்சு எது என்று அதற்குத் தெரியாது. கிருமியை அது காணவே காணாது. ஆர்.ஓ. தண்ணீரில் வாய்க்கால் நீர் ஒரு துளி விட்டுப் பாருங்கள், எண் அசையாது. அதே மீட்டரை ஓர் இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரை ஊற்றிவிடுவோமா? உலக சுகாதார நிறுவனம் டீ.டி.எஸ்.ஸுக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வைக்கவில்லை. லீற்றருக்கு 600 மில்லிகிராம் வரை வாய்க்கு நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் குடிக்க மனம் வராது, அவ்வளவுதான். 20, 30 என்று மீட்டரில் இறங்கிய எண்ணைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் எதற்குப் பெருமைப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லீற்றர் தர ஏறக்குறைய மூன்று லீற்றரை வடிகாலுக்கு அனுப்பும். சவ்வைக் காப்பதற்காக முதலில் குளோரினை எடுத்துவிடும். காவல்காரனை வாசலிலேயே அனுப்பிவிட்டுத் தண்ணீரை உள்ளே சின்னத் தாங்கியில் தேக்கி வைக்கிறது. வடிகட்டியைக் காலத்தில் மாற்றவில்லையென்றால் கிருமி அங்கேயே குடியிருக்கும். மாற்றுகிற செலவை விற்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

சவர்க் கிணறு மட்டுமே உள்ள வீட்டுக்கு ஆர்.ஓ. நல்ல கருவி, அங்கே நானே வாங்கச் சொல்வேன். லிங்கநகரில் குழாய் நீர் வருகிற உங்களுக்கு ஒரு கேத்தல் போதும். முற்பணம் கட்டியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கேளுங்கள்.

கிண்ணியா வாசகர்: மழை வெள்ளம் ஏறினால் கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் தூள் போட வேண்டும்?

கிணற்றின் அளவை எழுதாமல் கேட்கிறீர்கள். நானே வைத்துக்கொள்கிறேன். 5 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் சுமார் 3300 லீற்றர். வழக்கமான தொற்றுநீக்கத்துக்கு 1000 லீற்றருக்கு நல்ல தூள் 2.5 கிராம், ஆக உங்களுக்கு 8 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். டப்பாவைத் திறந்து வைத்த பழைய தூள் பாதிச் சக்தியை இழந்திருக்கும்.

ஆனால் வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்து உள்ளே போயிருந்தால் இந்த அளவு போதவே போதாது, பல மடங்கு வேண்டும். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அளந்து போடட்டும். போட்டதை இறைத்து வாசம் குறையும்வரை குடிக்கக் கூடாது. கடலோரக் கிணறு என்றால் மெதுவாக இறையுங்கள். ஏன் என்று நிலாவெளிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கோமரங்கடவலப் பக்கம் வேலை செய்யும் ஓர் ஆசிரியை: இங்கே சிறுநீரக நோய்ப் பயம். கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது. கொதிக்க வைத்தால் போதுமா?

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. அதனால் கேத்தலுக்குத்தான் நோய், தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தால் கழன்றுவிடும். நீங்கள் பயப்படுவது வேறு விடயம். உலர் வலயத்து விவசாயக் கிராமங்களில் வருகிற அந்தச் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று இன்னும் ஒருமுகமாக முடிவாகவில்லை. கடின நீரும் புளோரைட்டும் சேர்வது, வெப்பம், விவசாய இரசாயனம் என்று பல சந்தேகங்கள். கொதிக்க வைப்பதால் புளோரைட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பக்கத்தில் ஊருக்குப் பொதுவான ஆர்.ஓ. நிலையம் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அங்கே எடுங்கள். இல்லையென்றால் மழைநீர் சேகரியுங்கள், முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு. மேலே ஆர்.ஓ.வைத் திட்டினேன் என்று இங்கே குழம்ப வேண்டாம். இடம் அறிந்துதான் கருவி.

செப்புக் குடத்தில் வைத்தால் கிருமி சாகுமா?

சாகும், இரவு முழுக்க வைத்தால், ஓரளவுக்கு. அதை நம்பிக் கொதிக்க வைக்காமல் விடாதீர்கள். தேசிக்காய்த் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள்.

உப்புவெளி இளைஞர்: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தண்ணீர் சூடாகவே இருப்பதால் கிருமி இருக்காது, குடிக்கலாம் என்று நண்பன் சொல்கிறான்.

ஏழு கிணறும் சுமார் 40 பாகைதான். கிருமிக்கு அது சுடுகாடு அல்ல, மெத்தை. போதாததற்கு நாள் முழுக்க ஆட்கள் வாளி விட்டு அள்ளிக் குளிக்கிறார்கள். வெந்நீர் ஊற்றுகளில் புளோரைட் கூடியிருப்பதும் வழக்கம். குளியுங்கள், அந்தியேட்டிக் கிரியை செய்யுங்கள், குடிக்க வேண்டாம். நண்பனை முதலில் குடிக்கச் சொல்லியிருக்கலாம்.

குச்சவெளி இளம் தாய்: நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால். கிணறு வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில். நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கரைக்கிறேன்.

பிள்ளை, இதற்கு நான் பகிடி விடப் போவதில்லை. மணல் நிலம், உரம் போடுகிற தோட்டம், ஆழமில்லாத கிணறு மூன்றும் சேர்ந்தால் நைத்திரேற்று இருக்கலாம். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கொதித்தால் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் ஏறுவதைக் குறைத்துவிடும், உதடும் நகமும் நீலமாகும். அப்படி ஏதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரி. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பரிசோதித்து முடிவு வரும்வரை குழாய் நீரையோ, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் திகதியும் உள்ள போத்தல் நீரையோ கொதிக்க வைத்து, ஆற்றிக் கரையுங்கள். கடை வாசலில் வெயில் காய்கிற போத்தல் வேண்டாம், உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மூதூர் வாசகர்: எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் அனுப்பியிருக்கிறேன். கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்.

வந்து சேர்ந்தது. கிருமி பார்ப்பதற்கு ஆய்வுகூடம் தருகிற தொற்றுநீக்கிய போத்தல் வேண்டும். வாய்ப் பகுதியைக் கை தொடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மிஞ்சிப்போனால் 24. உங்கள் போத்தல் நான்கு நாள் பஸ்ஸிலும் கந்தோரிலும் இருந்துவிட்டு வந்தது, திறந்தபோது ஒரேஞ்ச் சோடா மணந்தது. வாசல் செவ்வரத்தைக்கு ஊற்றினேன்.

கிணற்றின் ஆழத்தை நீங்களும் எழுதவில்லை.