பிரவுசரை நம் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: தம்பி, கண் கூசுகிறதே என்று டார்க் ரீடர் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போட்டேன். பக்கம் கருப்பாகிவிட்டது. ஆனால் சில தளங்கள் திறக்கவே நேரமாகிறதே?

பதில்: ஐயா, அது ஒவ்வொரு பக்கத்தின் நிறங்களையும் படித்து, புது நிறங்களைக் கணக்குப் போட்டுப் பூசுகிறது. பெரிய பக்கம் என்றால் வேலையும் கூடும். முதலில் பிரவுசர் செட்டிங்ஸில் தோற்றத்தை டார்க் என்று மாற்றுங்கள். சொந்தமாக இருண்ட தோற்றம் வைத்திருக்கும் தளங்கள் பல, தாமாகவே மாறிக்கொள்ளும். அப்புறம் டார்க் ரீடரை எல்லாத் தளத்துக்கும் அணைத்துவிட்டு, வெள்ளையாகவே நிற்கும் தளங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் செய்தாலும் 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் முடியும்' என்று குரோம் எச்சரிக்கிறது. பயப்பட வேண்டுமா அண்ணா?

பதில்: பயம் வேண்டாம், ஆனால் வாசிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு அதன் சொற்களில் உள்ள பொருள்தான். நீங்கள் திறக்கும் மின்னஞ்சல், நிரப்பும் படிவம், தட்டும் பாஸ்வேர்டு எல்லாம் அதன் கண்ணில் படும். நிறத்தை மாற்றும் நீட்சிக்கு இந்த அனுமதி இல்லாமல் வேலையே நடக்காது என்பதும் உண்மை. அதனால் அனுமதியைப் பார்ப்பதோடு, யார் கையில் கொடுக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

அந்தக் கை மாறவும் செய்யும். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். அருமையான கருவி, லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். 2020-ல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. அப்டேட் தானாக வந்து இறங்கியது. ஒரு நீட்சி கூடுதலாக அனுமதி கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். முதல் நாளே 'எல்லாத் தளமும்' என்று கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

சரி, செய்ய வேண்டியது இதுதான். குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்தைத் திறந்தால், எந்தத் தளங்களில் இயங்கலாம் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே 'கிளிக் செய்யும்போது மட்டும்' அல்லது 'குறிப்பிட்ட தளங்களில்' என்று மாற்றுங்கள். மொழிபெயர்க்கும் நீட்சிக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நீட்சிக்கும் கிளிக் போதும். பயன்படுத்தாததை அணைத்து வைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃபயர்பாக்ஸில் ட்ரீ ஸ்டைல் டேப் போட்டேன். பக்கவாட்டில் டேப் வருகிறது, மேலே இருந்த பழைய வரிசையும் போகவில்லை. இரண்டும் எதற்கு?

பதில்: 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57-ஆம் பதிப்பிலிருந்து, நீட்சிகளால் பிரவுசரின் சட்டகத்தைத் தொட முடியாது. பக்கப்பட்டையைச் சேர்க்கலாம், மேல்வரிசையை மறைக்க முடியாது. பழைய ஆட்-ஆன்களின் (ஃபயர்பாக்ஸில் நீட்சிகளை அப்படித்தான் சொல்வோம்) சுதந்திரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் ஒரு அப்டேட்டில் பத்து ஆட்-ஆன் உடைந்து விழுந்த காலமும் அதுதான்.

பக்கவாட்டு டேப் மட்டும் போதுமென்றால் நீட்சியே வேண்டாம். 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸிலேயே இருக்கிறது. ஒரு டேப்பிலிருந்து திறந்தது அதன் கிளையாகத் தெரிய வேண்டும் என்றால் மட்டும் ட்ரீ ஸ்டைல் டேப்பை வைத்துக்கொண்டு, பிரவுசரின் தோற்றத்தை நாமே எழுதி மாற்றும் யூசர்குரோம் (userChrome.css) என்ற சிஎஸ்எஸ் கோப்பால் மேல்வரிசையை மறைக்கலாம். 69-ஆம் பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் அந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. மேம்பட்ட அமைப்புகளில் (about:config) அதை இயக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டுத்தான் 'கோப்பு வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

கேள்வி: குரோமில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அணைந்துவிட்டது. திரும்பக் கொண்டுவர வழி?

பதில்: இல்லை. முன்பு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்துத் தடுத்தது. நீட்சிகளுக்குக் குரோம் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது முறையில், நீட்சி விதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும், தடுப்பது பிரவுசர். குரோமிலேயே இருப்பதென்றால் அதன் லைட் பதிப்பைப் போடுங்கள். முழுமையானது வேண்டுமானால் ஃபயர்பாக்ஸ்.

கேள்வி: ஆங்கிலம் சரியாகத் தெரிகிறது, தமிழ் மட்டும் பொடி எழுத்தாக இருக்கிறது. எதைப் போடுவது?

பதில்: ஒன்றும் போட வேண்டாம். ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துரு பகுதியில் 'மேம்பட்டவை' பொத்தானை அழுத்துங்கள். மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று தனி எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் கொடுக்கலாம். அதற்கும் அடங்காத தளம், அல்லது கொம்பும் சுழியும் அடுத்த வரியில் இடிக்கிற அளவுக்கு வரிகள் நெருங்கிய தளம் என்றால், தளத்தின் தோற்றத்தை நம் விருப்பப்படி மாற்றும் ஸ்டைலஸ் என்ற நீட்சியைப் போட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் வரி இடைவெளியை 1.7 ஆக்குங்கள். நான் தினமும் படிக்கும் தளங்களில் செய்து வைத்திருக்கிறேன். நீண்ட கட்டுரையை முடித்த பிறகும் கண் சோர்வதில்லை.

கேள்வி: என்னிடம் 16 நீட்சிகள். சில தளங்களில் பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தப் பக்கத்தைத் தனிப்பட்ட சாளரத்தில் திறங்கள். நீங்கள் அனுமதி கொடுக்காதவரை நீட்சிகள் அங்கே இயங்காது. அங்கே சரியாக நகர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பதினாறில் ஒன்று. எட்டை அணையுங்கள். சரியானால் அணைத்த எட்டில் இருக்கிறது, இல்லையென்றால் மற்ற எட்டில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் நான்கே சுற்றில் பிடித்துவிடலாம். எனக்கு இதே தொல்லை வந்தபோது சிக்கியது, குக்கீ அறிவிப்பை மறைக்கும் நீட்சி. பெட்டியை மறைத்துவிட்டது, ஆனால் பதில் சொல்லும்வரை பக்கம் நகரக்கூடாது என்று தளம் போட்டிருந்த பூட்டு அப்படியே இருந்தது. அந்தத் தளத்துக்கு மட்டும் அதை அணைத்தேன், தீர்ந்தது.

கேள்வி: போனில் இதெல்லாம் முடியுமா?

பதில்: ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் நீட்சிகளுக்கு முழுதாகக் கதவைத் திறந்தது. ஐபோனில் சஃபாரிக்கு ஆப் ஸ்டோர் வழியாகக் கிடைக்கும்.