அலைத்தொட்டியில் கேபிள் ரோபோவுக்கு என்ன வேலை?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி:
கடல்சார் பொறியியல் படிக்கும் என் மகள், மிதக்கும் காற்றாலையின் சிறு மாதிரியைச் செயற்கை அலை எழுப்பும் தொட்டியில் சோதிக்கும்போது விசிறியால் காற்று வீசாமல், கேபிள்களால் இழுத்தே காற்றின் விளைவை உண்டாக்குவார்கள் என்கிறாள். அது எப்படிச் சரியாகும்?

பதில்:
உங்கள் மகள் சொல்வது சரியே. காற்று ஒரு காற்றாலைக்குத் தருவது தள்ளுவிசையும் முறுக்குவிசையும்தான். அவற்றின் அளவு கணத்துக்குக் கணம் தெரிந்தால் கேபிளாலும் அவற்றைத் தரலாம். காற்றையே வீசுவதில் உள்ள சிக்கல், அளவைச் சுருக்கும்போது எழுவது. அலையும் மிதவையும் ஃபுரூட் விதிப்படி, அதாவது நிலைமத்துக்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதம் மாறாதபடி, சுருங்குகின்றன: 1:30 மாதிரியில் காலம் ஏறக்குறைய 5.5 மடங்கு குறைவதால், கடலில் 10 நொடிக்கு ஒருமுறை வரும் அலை தொட்டியில் 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். விசை 27,000 மடங்கு குறையும். ஆனால் இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றின் போக்கைத் தீர்மானிப்பது ரெய்னால்ட்ஸ் எண், அதாவது காற்றின் நிலைமத்துக்கும் பிசுக்குக்கும் உள்ள விகிதம். அது இதே மாதிரியில் 160 மடங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், வடிவம் மாறாமல் சுருக்கப்பட்ட இறக்கை தர வேண்டிய தள்ளுவிசையைத் தராது. இறக்கையின் வடிவை மாற்றி, விசிறிகள் வைத்து ஈடுகட்டும் ஆய்வகங்களும் உண்டு. எனினும் பெரிய கூடத்தில் சீரான காற்றை உண்டாக்குவது எளிதன்று.

ஆகவே தண்ணீரை உண்மையாகவும் காற்றைக் கணக்காகவும் வைத்துக்கொள்கிறார்கள். கேமராக்கள் மாதிரியின் அசைவை அளக்க, அந்த அசைவுக்கேற்ற காற்று விசையைக் கணினி உடனுக்குடன் கணக்கிட, மோட்டார்கள் அந்த விசையைக் கேபிள் வழியே கோபுர உச்சியில் செலுத்துகின்றன. மோட்டார்களும் கேபிள்களும் சேர்ந்த இந்த அமைப்புதான் கேபிள் ரோபோ. நார்வேயின் சின்டெஃப் ஆய்வகம் 5 மெகாவாட் காற்றாலையின் 1:30 மாதிரியை 2015-இல் இம்முறையில் சோதித்தது. அத்தகைய காற்றாலையின் உச்சத் தள்ளுவிசை சுமார் 800 கிலோநியூட்டன். மாதிரியில் அது சுமார் 30 நியூட்டன், அதாவது ஏறக்குறைய மூன்று கிலோ எடை மட்டுமே. இவ்வளவு சிறிய விசையைப் பிசகாமல் தருவது, பெரிய விசையைத் தருவதைவிடக் கடினமானது என்பேன். அளந்து, கணக்கிட்டு, இழுக்கும் இந்தச் சுற்றில் சிறிது தாமதம் நேர்ந்தாலும், அசைவைத் தணிக்க வேண்டிய விசை அதைத் தூண்டிவிடக்கூடும். அப்போது அளவீடு முழுவதுமே பொய்யாகிவிடும்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்:
எங்கள் ஆலையில் உள்ளது போன்ற இரும்புக் கை ரோபோ இதற்குப் போதாதா?

பதில்:
மாதிரி அலையில் தடையின்றி ஆட வேண்டும். கனமான கை ஒன்றை அதனுடன் பிணைத்தால், அந்தக் கையின் எடையும் நிலைமமும் சேர்ந்தே ஆடும்; மெல்லிய கேபிளில் அந்தப் பாரம் மிகக் குறைவு, எட்டும் பரப்போ மிகப் பெரிது. மாதிரியை வேண்டிய வகையில் அசைத்து, அதன்மீது நீர் செலுத்தும் விசையை அளக்கவும் கேபிள் ரோபோவைப் பயன்படுத்தலாம். கேபிள் நீருக்குள் சென்றால் மட்டும் அதுவே அதிர்ந்து நீரோட்டத்தைக் கலைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கேபிளின் இயல்பான குறை, அதனால் இழுக்க மட்டுமே முடியும் என்பது. உங்கள் மாவட்டத்துக் கிணறுகளில் கவலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இது தெரியும்: எருது பின்வாங்கும்போது கயிறு சால் எனும் நீர்வாளியைத் தள்ளுவதில்லை, சால் தன் எடையாலேயே இறங்குகிறது. சீனாவின் 500 மீட்டர் விட்டமுள்ள ஃபாஸ்ட் வானொலித் தொலைநோக்கியில், தட்டுக்கு மேலே தொங்கும் உணர்வி அறையை 6 கேபிள்கள் தாங்கி நகர்த்துவதும் அந்த அறையின் எடையை நம்பித்தான். எல்லாத் திசையிலும் இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டுமானால், ஆறு வகை அசைவுக்கு (மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி) குறைந்தது 7 கேபிள்கள் தேவை. வழக்கமாக 8 வைப்பார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:
கடலும் அலைத்தொட்டியும் இல்லாத ஊரில் இதை எப்படிப் பழகுவது?

பதில்:
தொடங்குவதற்குத் தொட்டி தேவையில்லை. ஒரு சதுரச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மோட்டார் பொருத்தி, நான்கு கேபிள்களால் ஒரு பலகையை அந்தத் தளத்திலேயே நகர்த்துங்கள். ஒவ்வொரு கேபிளிலும் விசையை அளக்கும் லோடு செல் வைத்து, எந்தக் கேபிளும் தளராதபடி இழுவிசையைப் பங்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை போன்ற இடங்களில் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அலைத்தொட்டி அங்கே இருக்கிறது.