முதலில் குரூப், அப்புறம்தான் ஸ்கோப்: ஜீரோ செய்வது பற்றிக் கேள்வி பதில்

துப்பாக்கி ஸ்கோப்பை (குறி பார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி) ஜீரோ செய்வது, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி அதைச் சரிசெய்வது பற்றி நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முக்கியமானவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கொளத்தூர் தம்பி: அண்ணே, .177 அங்குல ஏர் ரைபிளில் (காற்றுத் துப்பாக்கி) புது ஸ்கோப் மாட்டினேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப் திருகை ரெண்டு கிளிக் திருப்பியும் நடுவில் விழ மாட்டேங்குது.

முதலில் திருப்புவதை நிறுத்துங்க தம்பி. ஒரே ஒரு குண்டை நம்பி ஸ்கோப்பைத் தொடவே கூடாது. ஒரே புள்ளியைக் குறி பார்த்து ஐந்து குண்டு சுடுங்க, அந்த ஓட்டைக் கூட்டத்தின் (அதுதான் குரூப்) நடு எங்கே வருகிறது என்று பாருங்க, அங்கிருந்து குறிக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளங்க. கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், அதுவே 10 மீட்டரில் வெறும் 0.7 மில்லிமீட்டர்தான். ஆக 10 மீட்டரில் 14 மில்லிமீட்டர் கீழே விழுந்தால் 20 கிளிக் மேலே திருப்ப வேண்டும். நீங்கள் திருப்பிய ரெண்டு கிளிக் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது, குண்டுகள் தானாகச் சிதறுவதே அதைவிட அதிகம், அப்புறம் வித்தியாசம் எப்படித் தெரியும்? திருப்பிய பிறகு மறுபடி ஐந்து சுட்டுப் பாருங்க.

பெரம்பூர்: எனக்குக் குரூப்பே உள்ளங்கை அகலத்துக்கு வருகிறது. ஸ்கோப் கோளாறா?

இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் சந்தேகப்படுங்க. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் ஸ்க்ரூ லூசா என்று பாருங்க. தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறிக்கோடும் இலக்கின் மேல் நகர்கிறதா? அது பாரலாக்ஸ். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகள் பலவும் 100 கெஜத்துக்கு அமைத்தவை, 10 மீட்டரில் ஏமாற்றும். உங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உள்ளே பிஸ்டன் ஓடும்போது துப்பாக்கி பின்னும் முன்னும் உதறும், அது தன் போக்கில் உதறட்டும் என்று லேசாகத் தாங்கினால் போதும். அந்த இரட்டை உதறலைத் தாங்காமல் சாதாரண ஸ்கோப் உள்ளே உடைந்தும் போகும். பெல்லட்டையும் (ஏர் ரைபிள் குண்டு) மாற்றிப் பாருங்க, ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். பிடித்தது கிடைத்ததும் அதிலேயே ஜீரோ செய்யுங்க, பெல்லட் மாறினால் ஜீரோவும் மாறும்.

ராயபுரம்: மொட்டைமாடியில் வைத்துச் செய்யலாமா? புறா சுட்டுப் பழகலாமா?

ரெண்டும் வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பக்கத்து மாடியில் துணி காயப்போட யாராவது வருவார்கள், தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்குப் போங்க. உயிர்களைச் சுடுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே வேட்டைக்கு இடம் கொடுக்கவில்லை.

தண்டையார்பேட்டை அக்கா: மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குத் தயாராகிறாள். எந்த ஸ்கோப் வாங்கலாம்?

ஸ்கோப்பே வேண்டாம் அக்கா. அந்தப் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும் அதில்தான். இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர் அகலம்தான், அதனால் கிளிக்கைவிட முகத்தைத் துப்பாக்கிக் கட்டையில் தினமும் ஒரே இடத்தில் வைப்பது பெரிய விஷயம். கன்னம் நகர்ந்தால் ஜீரோ போய்விட்டது போலவே தெரியும், பிள்ளை வீணாகச் சைட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பாள்.

வியாசர்பாடி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் மான் வேட்டைக்கு .308 ரைபிள் வாங்கியிருக்கிறார். எத்தனை கெஜத்துக்கு ஜீரோ?

அங்கே உரிமம் வாங்கி, சீசனில் ஆடும் வேட்டை அது. 100 கெஜத்தில் ஜீரோ செய்தால் 200-இல் சுமார் 4 அங்குலம் இறங்கும், 300-இல் ஒரு அடிக்கும் மேலே இறங்கும். 200-இல் ஜீரோ செய்தால் 100-இல் ரெண்டு அங்குலம் போல மேலே அடிக்கும், அதை மனசில் வைத்தால் போதும், வேட்டைக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். தூரத்துக்குத் தகுந்தபடி கிளிக் எண்ணித் திருப்பிச் சுடுகிறவருக்கு 100-தான் வசதி. எதுவானாலும், குண்டுப் பெட்டியில் எழுதிய கணக்கை நம்பாமல் அந்தந்தத் தூரத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

திருவொற்றியூர்: 50 மீட்டரில் காலையில் சரி, மதியம் இடப்பக்கம் போகிறது. ஏன்?

வலப்பக்கம் கடல் இருக்கிற மாதிரி நின்று சுடுகிறீர்கள் போல. மதியம் கடற்காற்று எழும்பிக் குண்டைத் தள்ளுகிறது. அதற்காக ஜீரோவை மாற்றாதீர்கள். காற்று அடங்கியிருக்கும் காலையில் வைத்த ஜீரோவை அப்படியே விட்டு, மதியம் குறியை வலப்பக்கம் தள்ளிப் பிடியுங்க. சுட்டு முடித்ததும் பேரலை எண்ணெய்த் துணியால் துடையுங்க, நம்ம பக்கத்து உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறிவிடும்.